கடக்காத்து வந்தாச்சா?

மே மாதம், பகல் பன்னிரண்டரை மணி. ஆவடியிலிருந்து அக்கா போன் செய்வாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. நேராக ஒரே கேள்விதான்: "உங்க வீட்டுக்குக் காத்து வந்துடுச்சாடா?"

நான் எழுந்துபோய் பால்கனிக் கொடியில் காயும் வேட்டியைப் பார்ப்பேன். பால்கனி கிழக்கு பார்த்தது. வேட்டி வெளிப்பக்கமாக உப்பிக்கொண்டிருந்தால் இன்னும் மேற்கேயிருந்து அனல்தான் வீசுகிறது. அசையாமல் தொங்கினால் காற்று மாறப்போகிறது. வேட்டி நுனி வீட்டுக்குள் நுழையப் பார்த்தால் வந்துவிட்டது கடக்காத்து. "வந்தாச்சுக்கா" என்பேன். "சரி, அப்ப எங்களுக்கு ரெண்டு, ரெண்டரை ஆகும்" என்று கணக்குப் போட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

சாந்தோமுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மூன்றாவது மாடியில் வாடகை வீடு. வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த தரகர் 'கடல் தெரியும் சார்' என்றுதான் சொன்னார். தெரிகிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் அடுத்த வீட்டு லிப்ட் அறைக்கும் இடையில் ஒரு சாண் நீலம். குடிவந்த புதிதில் அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பேன். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். கடலோரம் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்ப்பதில்லை. அதன் காற்று, வாடை, மீன், துரு, இரைச்சல் ஆகியவற்றோடுதான் அவர்களுக்குப் பழக்கம்.

காற்றின் மணிக்கணக்கு

சென்னைக் கோடையில் வெப்பத்தின் அளவைத் தீர்மானிப்பது வெயிலைவிட இந்தக் காற்று வரும் நேரம்தான். வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் உள்ள காற்று சூடேறி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பள்ளிக்கூடப் பாடம் அவ்வளவுதான். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வாசலிலேயே நின்று அதை மறிக்கும். பதினொன்றரைக்குக் கடல்காற்று நுழைந்துவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம். இரண்டு மணி தாண்டியும் வரவில்லை என்றால் நாற்பது டிகிரியைத் தாண்டும். நுங்கம்பாக்கத்தில் ஒரு டிகிரியும் மீனம்பாக்கத்தில் வேறொரு டிகிரியும் செய்தியில் வாசிக்கிறார்களே, அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு கடலிலிருந்து உள்ள தூரத்துக்கு உரியது.

எங்கள் தெருவுக்கு 'கடக்காத்து' என்ற ஒரு சொல் போதும். குப்பத்துக்காரர்களுக்குப் போதாது. அவர்களிடம் வாடை உண்டு, கொண்டல் உண்டு, கச்சான் உண்டு. கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் நீரோட்டங்களை வன்னி, தெண்டி என்று பிரிப்பார்கள். நமக்கு முகத்தில் படும் சுகம் அவர்களுக்கு இன்றைக்குப் போகலாமா, வலை எந்தப் பக்கம் இழுக்கும், என்ன மீன் கிடைக்கும் என்பதற்கான தாக்கல்.

செவுளைப் பார்த்து வாங்கு

அதிகாலை ஐந்தரைக்கு லூப் ரோடு பக்கம் போனால் இரண்டு சென்னைகள் ஒன்றையொன்று தாண்டிப் போவதைப் பார்க்கலாம். காலணி வாங்கிய காசுக்கு நடந்தே தீருவது என்று கைவீசி வரும் கூட்டம் ஒன்று. இரவு போன ஃபைபர் படகைக் கரையேற்றி, வலையிலிருந்து ஒவ்வொரு மீனாகப் பிய்த்தெடுக்கும் கூட்டம் இன்னொன்று. முதல் கூட்டத்துக்கு நாள் தொடங்குகிறது. இரண்டாவது கூட்டத்துக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது.

நொச்சிக்குப்பத்துப் பெண்கள் சாலையோரத்தில் பலகை போட்டு விற்றதைப் பார்த்தவர்கள் உண்டு. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போய், 2024 ஆகஸ்டில் புதிய மீன் அங்காடி திறந்தார்கள். கூரை வந்தது, மேடை வந்தது. பேச்சு மட்டும் மாறவில்லை.

"இன்னா தம்பி, ரெண்டு நாளா ஆளக் காணோம்?"

"ஊருக்குப் போயிருந்தேங்க்கா. வஞ்சிரம் எவ்ளோ?"

"வஞ்சிரம் கேக்காத. வெல சொன்னா நீ ஓடிடுவ. கானாங்கெளுத்தி எடுத்துக்கோ, இப்பதான் எறங்குச்சு. செவுளப் பாரு, செவசெவன்னு கீதா இல்லியா?"

மீன் வாங்கத் தெரிந்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. இந்த அக்காதான் அதைக் கலைத்தவர். கண் பளபளக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அமுக்கினால் குழி நிற்கக் கூடாது என்பதெல்லாம் முதல் பாடம். அடுத்தது, நாட்காட்டி பார்த்து மீன் கேட்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் பருவம் என்பதால் விசைப்படகுகள் போகக் கூடாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் அடங்கிக் கிடக்கும். சிறு படகுகளுக்குத் தடை இல்லை. அந்த இரண்டு மாதமும் கடலோரம் குடியிருப்பவன் பாக்கியசாலி. ஊரெல்லாம் ஐஸில் வந்த மீனுக்கு ஆனை விலை கொடுக்கும்போது, எங்களுக்குக் கரைவலை நெத்திலியும் காரப்பொடியும் சங்கராவும் கிடைத்துவிடும். வஞ்சிரத்தைத் தவிர மற்றதெல்லாம் மீனில்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. காரப்பொடியை ஆய்ந்து கழுவுவதற்குள் கை ஓய்ந்துவிடும். ஆனால் மிளகு பூண்டு தட்டிப்போட்டு அதில் வைத்த குழம்பு, மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குக் காத்திருக்கும் தகுதி உடையது.

263 மீட்டர் மணல்

மெரினாவின் அழகு எது என்று கேட்டால் அலை, சிலை, கலங்கரை விளக்கம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் மணலின் அகலத்தைச் சொல்வேன். சாலையில் வண்டியை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தால் செருப்பைக் கையில் எடுத்து, பஜ்ஜிக் கடை வரிசை தாண்டி, ராட்டினம் தாண்டி, ஒரு வழியாகக் கால் நனைவதற்குள் பேச வந்த விஷயத்தில் பாதியைப் பேசி முடித்துவிடலாம். 2022 நவம்பரில் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலை அருகே போகட்டும் என்று மாநகராட்சி மரப்பாதை ஒன்று போட்டது. அதன் நீளம் 263 மீட்டர். திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயல் வந்து அதன் கடற்பக்க முனையைப் பிய்த்துப்போட்டது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதல்முறையாகத் தன் காலில் கடல் அலை படுவதை உணர்ந்து சிரித்த ஒருவரை அங்கே பார்த்தேன். அன்று நான் வாங்கிய சுண்டல் ஆறிப்போனது நினைவிருக்கிறது.

இத்தனை மணல் எப்படி வந்தது? இயற்கை கொடுத்தது என்றுதான் நானும் வெகுநாள் நம்பியிருந்தேன்.

விவேகானந்தர் இல்லத்தைப் பாருங்கள். பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் ஏற்றி அனுப்ப, இங்கே இறக்கி வைப்பதற்காக 1840-களில் கட்டிய கிடங்கு அது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைக் கடந்து சரக்கைக் கரைசேர்க்கும். உருகும் சரக்கை இறக்கும் கிடங்கைக் கடலுக்குப் பக்கத்தில்தானே கட்டுவார்கள்? இன்று அந்தக் கட்டடத்தின் வாசலிலிருந்து அலை வரைக்கும் நடந்து பாருங்கள், மூச்சு வாங்கும்.

கட்டடம் நகரவில்லை, கடல்தான் விலகிப்போனது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881-ல் பெரும்புயல் அதை நொறுக்கிப்போட, மறுபடியும் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுவதால் மணல் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். துறைமுகத்தின் கற்சுவர் குறுக்கே வந்ததும் வடக்கே போகவேண்டிய மணல் தெற்கே தேங்கியது. தேங்கித் தேங்கி அகன்றதுதான் நம் மெரினா. அந்த மணலை ஒட்டி 1884-ல் ஆளுநர் கிரான்ட் டஃப் நடைபாதை அமைத்து, சிசிலியில் பார்த்த கடற்கரை நினைவில் 'மெரினா' என்று பெயரும் வைத்தார்.

அப்படியானால் வடக்கே? அங்கே போகவேண்டிய மணல் போகவில்லை. அலைகள் மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொண்டு போயின. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை அரித்து, வீதிகளும் வீடுகளும் கடலுக்குள் போயின. கல்லைக் கொட்டினார்கள்; பிறகு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். வடசென்னைப் பையன் காலை நனைக்க வேண்டுமானால் கருங்கல் மேல் தவ்வித் தவ்விப் போக வேண்டும். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தென்று நடக்கிற மணலில் அவனுக்கு வரவேண்டிய பங்கும் கிடக்கிறது.

இதே துறைமுகக் கதையின் சின்ன வேடிக்கை ஒன்று. வெளியூர்க்காரர்கள் பலர் 'சென்னைக் கடற்கரை' ஸ்டேஷனில் இறங்கிக் கடலைத் தேடுவார்கள். கடல் இருக்காது, பாரிமுனை நெரிசல்தான் இருக்கும். ஏமாற்றியது பெயரில்லை. ராஜாஜி சாலைக்கு முன்பு 'ஃபர்ஸ்ட் லைன் பீச்' என்றுதான் பெயர். அங்கே கரை இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்த பிறகு பெயர் மட்டும் கரையொதுங்கிக் கிடக்கிறது. அலை வேண்டுமென்றால் அங்கிருந்தே வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலேறி, திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்க வேண்டும்.

மொட்டை மாடி இல்லாதவர்களின் மொட்டை மாடி

சாயங்காலம் ஐந்துக்கு மேல் வருகிற கூட்டத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். காற்று வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் காற்று வராதவர்கள். பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் இருக்கும் குடும்பம் பாய், தூக்குச்சட்டி, புளிசாதத்தோடு வந்து மணலில் ஒரு வீட்டை விரிக்கும். பெரியவர் துண்டை விரித்துப் படுப்பார். மருமகள் வீட்டில் பேச முடியாததைப் புருஷனிடம் அங்கே பேசுவாள். காதலர்கள் படகின் நிழலுக்குள் இருப்பார்கள். நகரத்தில் காசு கொடுக்காமல் மூன்று மணி நேரம் உட்கார இடம் வேறு எங்கே இருக்கிறது?

காசு கொடுத்தாலும் பெரிதாகப் போகாது. தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், வாழையிலையிலிருந்து செய்தித்தாளுக்கும், அங்கிருந்து காகிதக் கப்புக்கும் மாறிய பிறகும் விற்கிறது. கையால் தள்ளிச் சுற்றும் ராட்டினம், பலூன் சுடும் துப்பாக்கி, கிளி ஜோசியம், முதுகில் ஏறச்சொல்லி மன்றாடும் குதிரைக்காரர். எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் இன்றும் சமாதியில் காதை வைத்து, உள்ளே அவருடைய கைக்கடிகாரச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு அம்மாள் நிமிர்ந்து, "கேக்குதுடி" என்று மகளிடம் சொன்னதை நானே கேட்டேன். கடிகாரத்தைத்தான் கேட்டதில்லை.

இந்த மணல் எந்த ஒரு விழாவுக்கும் தனிச்சொந்தம் இல்லை. மாசி மகத்துக்குத் திருவல்லிக்கேணிப் பெருமாள் தீர்த்தவாரிக்கு வருவார். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணி மாதாவைப் பார்க்க பெசன்ட் நகருக்குப் படையாக நடப்பார்கள். ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும். காணும் பொங்கலன்று எள் போட்டால் விழாத கூட்டம் கூட, காணாமல் போனால் கண்டுபிடிக்கக் காவலர்கள் குழந்தைகளின் கையில் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள்.

கோரிக்கைகளும் இங்கேதான் வந்து சேரும். மீனவர் குடும்பத்தில் பிறந்த சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தியது இந்தக் கடற்கரையில். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959-ல் இங்கே வந்தது. அந்த நால்வரும் பாறையை நெம்பிக்கொண்டே இருக்க, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள் அதே மணலில் நாள்கணக்கில் படுத்து எழுந்தார்கள். இரவில் அத்தனை செல்போன் விளக்குகள் எரிந்ததை மாடியிலிருந்து பார்த்தவர்கள், கடல் கரையேறிவிட்டது போல இருந்தது என்பார்கள்.

பௌர்ணமிக்கு வாங்க

மும்பையில், கோழிக்கோட்டில் இருக்கும் நண்பர்கள் கடலில் சூரியன் மறைவதைப் படம்பிடித்து அனுப்பிப் பொறாமைப்பட வைப்பார்கள். நமக்கு அது கிடையாது. சூரியன் நம் முதுகுப் பக்கம், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் பின்னால்தான் விழும். ஆனால் அவர்களுக்கு வாய்க்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. பௌர்ணமியன்று சூரியன் மறைகிற அதே நேரத்தை ஒட்டிக் கடலுக்குள்ளிருந்து நிலா எழும். முதலில் மூட்டத்துக்குள் ஒரு செம்மஞ்சள் கறை. பிறகு உடைத்த பப்பாளிக் கீற்று. அப்புறம் முழு வட்டம். பத்து நிமிடத்தில் வெளிறி, வெள்ளித் தடம் ஒன்றைக் காலடி வரைக்கும் இழுத்துவிடும். விருந்தாளிகள் யார் கேட்டாலும் பௌர்ணமி பார்த்து வாங்க என்றுதான் சொல்வேன்.

2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இரவு அலை நுனியெல்லாம் நீலமாக எரிந்தது. நாக்டிலுகா என்னும் நுண்ணுயிர் தண்ணீர் அலைக்கழியும்போது ஒளிவிடுமாம். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் தூக்கம் கலைந்து ஓடியவர்கள் பலர். அப்படி நீலம் பூப்பது கடலுக்கு நல்ல சகுனமா என்று அறிவியலாளர்கள் யோசிக்க, நாங்கள் கையில் அள்ளி அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு விருந்தாளி. வெளியுலகம் ஆலிவ் ரிட்லி என்று சொல்வதை நம் கரையில் பங்குனி ஆமை என்பார்கள், முட்டையிட வரும் மாதத்தைக் கொண்டு. நள்ளிரவில் கரையேறி, பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். நாய்க்கும் காலடிக்கும் இரையாகாமல் அவற்றை எடுத்துக் குஞ்சு பொரிப்பகத்தில் சேர்க்க, 1988 முதல் மாணவர்கள் இரவிரவாக மணலில் நடக்கிறார்கள். பொரித்த குஞ்சுகளை மாலை மங்கியதும் விடுவார்கள். உள்ளங்கையில் பாதி இருக்கும் ஒன்று, முதல் அலை புரட்டிப்போட்டதும் மறுபடி எழுந்து அதே அலையை நோக்கி நடப்பதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பும்போது பேசவே மாட்டார்கள்.

சொல்லாமல் விட முடியாத ஒன்றும் உண்டு. 2025 ஜனவரியில் காலை நடைக்குப் போனவர்கள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கிய ஆமைகளைப் பார்த்தார்கள். மூச்சுவிட மேலே வரவேண்டிய பிராணி இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். அந்த மாதம் நடைபாதையில் யாரும் சத்தமாகப் பேசிக்கொள்ளவில்லை.

துருவும் பாலும்

கடல் இனாமாகக் கொடுப்பதற்கு வாடகை வாங்காமல் விடாது. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட். ஏ.சி.யின் வெளிப்பெட்டி அதற்குமுன் செத்துவிடும். சைக்கிள் செயின், கதவுக் கீல், டி.வி. முதுகு எல்லாவற்றிலும் உப்பு. அப்பளம் பொரித்த கையோடு தின்றால் உண்டு, ஐந்து நிமிடத்தில் நமத்துவிடும்.

இதெல்லாம் சில்லறை வாடகை. சீனிவாசபுரத்தில் கொந்தளிப்பு நாட்களில் கடல் வீட்டுச் சுவரையே எடுத்துக்கொண்டு போகிறது. கால் நனைக்கப் போனவர்களை இழுத்துக்கொண்டு போகிறது. மெரினா அலை பார்க்கத்தான் சாது. அடியில் இழுக்கும் நீரோட்டத்துக்கு நீச்சல்காரர்களும் தப்புவதில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் வளைவின் கீழ் நிழலுக்கு ஒதுங்குகிறோமே, அது 1930 டிசம்பரில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவுச் சின்னம்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிறு. நடைக்கு வந்தவர்கள், கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள், மீன் விற்க உட்கார்ந்தவர்கள். அதற்குமேல் எழுதத் தேவையில்லை. ஆண்டுதோறும் அந்த நாளில் குப்பத்துப் பெண்கள் கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். எனக்கு மீன் விற்கும் அக்கா அன்று கடை போடுவதில்லை. மறுநாள் "வா தம்பி, இன்னா வேணும்?" என்று வழக்கம்போல ஆரம்பிப்பார். கடலோடு கோபித்துக்கொண்டு அவர் எங்கே போக முடியும்? அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன மே மாதம் ஒருநாள் மணி இரண்டேகால் ஆகியும் வேட்டி வெளிப்பக்கம்தான் உப்பிக்கொண்டிருந்தது. அக்கா மூன்றாவது முறையாகப் போன் செய்தாள். அங்கே கரண்டும் இல்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே கொடி சட்டென்று அடங்கியது. வேட்டி ஒரு நிமிடம் நேராகத் தொங்கி யோசித்தது. பிறகு அதன் நுனி மெல்லத் திரும்பி என் முகத்தில் பட்டது. உப்பும் மீன்வாடையும் கலந்த ஈரம்.

"இன்னும் வரலையாடா?"

"இப்பத்தான்கா வந்துச்சு. இங்க நிக்கல. அங்கதான் வந்துட்டிருக்கு, ஜன்னலத் தொறந்து வை."